காது கழுவப் போன மருத்துவிச்சி

போன மாதம் தமிழ்த் தாதியர் சிலர் கூடிய மதியச் சாப்பாட்டில், சோற்றுத் தட்டும் கையுமாக நின்ற என்னை உங்களில் மூன்று பேர் சுற்றி வளைத்துக்கொண்டீர்கள்.

"அக்கா, நேர்ஸ் பிராக்டிஷனர் கோர்ஸுக்கு இடம் கிடைச்சிட்டுது. பெண்கள் நலம்தான் செய்யிறது எண்டு முடிவு. ஆனா அதுக்குள்ள எதை எடுக்கிறது? கர்ப்பிணியளையோ, கைனி கிளினிக்கோ, குடும்பக் கட்டுப்பாடோ, மெனோபோஸோ? நீங்கள் எப்பிடி எடுத்தனீங்கள்?"

"ஆறுதலாய்ச் சொல்லுறன்" என்று தப்பிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. நான் எதை எடுத்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி எடுத்தேன் என்பதில் நான் விட்ட ஒரு பிழையும் இருக்கிறது. ஓய்வு பெற்றுவிட்டேன், இனி அதைச் சொல்வதால் யாருக்கும் நட்டமில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டனில் தாதிப் பயிற்சி முடித்த எங்களில் அநேகமானோர் அடுத்ததாக மருத்துவிச்சிப் படிப்பையே எடுத்தோம். யாரும் பெரிதாக யோசித்து எடுக்கவில்லை. முன்னுக்குப் போனவள் எடுத்தாள், பின்னுக்கு வந்தவளும் எடுத்தாள். நான் கிழக்கு லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் பிரசவ வார்ட்டில் ஏழு வருடம் வேலை செய்தேன். கை நன்றாக ஓடியது. அவசரம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் குட்மேய்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது வயிறு இறுகும். அதைப் பொறுப்புணர்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது.

அந்த வேலையில் எனக்கு உண்மையாகவே பிடித்த பொழுது ஒன்றுதான். பிள்ளை பிறந்து, எல்லாம் துடைத்து முடிந்ததும், தாய்க்குத் தேநீரும் டோஸ்ட்டும் கொண்டுபோய்க் கொடுத்து அருகில் இருக்கும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பெண்கள் வாய் திறப்பார்கள். போன பிள்ளைக்குப் பிறகு ஒரு வருடம் அழுததை, கணவனுக்குக் கிட்டப் போகவே பயமாக இருப்பதை, தங்கள் தாய்க்கும் சொல்லாததை எனக்குச் சொல்வார்கள்.

"நீ இங்கே கதை கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் ஒன்று பிறந்துவிடப் போகிறது" என்று வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் என்னைக் கண்டிப்பார்.

ஒரு நாள் அப்படியே நடந்தது. நான் ஒரு தாயின் கட்டிலருகே இருந்த நேரம், பக்கத்து அறையில் மூன்றாம் பிள்ளைக்காக வந்திருந்த பெண் மணியை அழுத்தியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. தற்செயலாக அந்த வழியால் போன இன்னொரு மருத்துவிச்சி உள்ளே ஓடி, கையுறைகூடப் போடாமல் பிள்ளையை ஏந்திக்கொண்டாள். பிள்ளைக்கும் தாய்க்கும் ஒன்றுமில்லை. சிஸ்டர் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவை மூடி, சத்தம் போடாமல் பேசினார். சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. எல்லாம் நியாயமான வார்த்தைகள். வெளியே வந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது: நான் பிழைவிட்ட நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்த நேரமாகவும் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் விளங்கவில்லை.

இரண்டாவது மகள் பிறந்த பிறகு ஷிப்ட் வேலை சரிவரவில்லை. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் குடும்ப வைத்தியர்களின் சிறு மருத்துவ நிலையமான ஒரு சர்ஜரியில் நேர்ஸ் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். வார்ட்டில் கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏழு வருஷம் பிள்ளை பிறப்பிச்சிட்டு இப்ப காது கழுவப் போறியோ?" என்றாள் ஒரு தமிழ்த் தோழி.

காதுதான் கழுவினேன். முதல் ஆறு மாதம் காது, புண்ணுக்குக் கட்டு, காய்ச்சல் ஊசி, பிரஷர். ஆனால் ஸ்டேஷனில் வயிறு இறுகியது நின்றுவிட்டது. நிம்மதி என்றால் இதுதானாக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் வெட்கத்தோடுதான்.

அந்த சர்ஜரியில் இரண்டு டாக்டர்கள். அதில் ஒருவர் அயர்லாந்துக்காரி, ஏறக்குறைய என் வயது, சொல்லவேண்டியதை நேராகச் சொல்லும் சுபாவம். அந்த நாட்களில் எங்கள் சனம் கூட்டம் கூட்டமாக இல்பர்ட், குட்மேய்ஸ் பக்கம் வீடு எடுத்து வரத் தொடங்கியிருந்தது. பெண்கள் வந்தால், "எங்களிடம் தமிழ் நேர்ஸ் இருக்கிறா" என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் பெருமையாகச் சொல்லி என்னிடம் அனுப்புவாள். எனக்கும் அது பெருமை.

ஒரு நாள், என் தெருவிலேயே மூன்று வீடு தள்ளி இருந்த ஒரு பெண் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கதைக்க வந்தாள். மேசையில் என் பெயரைக் கேட்டதும், "தமிழ் நேர்ஸ் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரயில் மாறி மாறி, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஸ்ட்ரெதம் வரை போய், அங்கே ஒரு கிளினிக்கில் வேலையை முடித்துக்கொண்டாள் என்று பின்னர் அவளே எனக்குச் சொன்னாள். அன்றைக்கு எனக்குக் கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது.

"நான் ஊர்க்கதை காவுகிறவளா?" என்று டாக்டரிடம் பொருமினேன்.

அவர் கடிதங்களில் கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்: "எங்கள் ஊரில் என்றால் நானும் இரண்டு ஊர் தாண்டித்தான் போயிருப்பேன். நீ காய்கறி வாங்கும் கடையில்தானே அவளும் வாங்குகிறாள்? உன்னைக் கண்டால் அவளுக்குத் தன் இரகசியம் நினைவுக்கு வரும். அது உன் குற்றமில்லை, அவள் குற்றமுமில்லை."

கேட்டேன், தலையாட்டினேன். மனதுக்குள் ஏற்றுக்கொள்ளவில்லை. என் மொழி தெரிந்தவளுக்கு என்னிடம் சொல்ல என்ன தயக்கம் என்ற வீம்பு அப்படியே இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து வரும் பிழைக்கு அந்த வீம்புதான் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நேர்ஸ் பிராக்டிஷனர் என்ற சொல்லே இந்த நாட்டுக்குப் புதிது. தாதி ஒருத்தி தானே நோயாளியைக் கேட்டு, பார்த்து, முடிவெடுப்பதா என்று பலர் முகம் சுளித்த காலம். அயர்லாந்து டாக்டர்தான் என்னைப் பிடித்துத் தள்ளினார். வேலையோடு படிக்கும் பகுதிநேரப் படிப்பு. கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, பெண்கள் நலத்தில் எந்தப் பக்கம் போகப்போகிறேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டி இருந்தது.

எனக்கு முன்னால் மூன்று வழி. ஒன்று, பழைய பிரசவ வார்ட்டிலேயே உயர்ந்த பதவி. சிஸ்டர் என்னை மன்னித்து, திரும்பவும் கூப்பிட்டிருந்தார். இரண்டு, மருத்துவமனையில் பிள்ளையில்லாதவர்களுக்கான கிளினிக். மதிப்பான வேலை, பெரிய நிபுணரின் கீழ். மூன்று, இருந்த சர்ஜரியிலேயே இருந்து, பெண்களுக்கென்று கிழமையில் ஒரு நாள் கிளினிக் தொடங்குவது. மூன்றாவதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. படித்துப் பட்டம் வாங்கிவிட்டுத் திரும்பவும் காது கழுவும் இடத்திலேயே இருப்பதா? மருத்துவமனைக் கிளினிக்கைத்தான் எழுதுவதென்று வீட்டில் சொல்லிவிட்டேன். பதில் கொடுக்க இரண்டு கிழமை இருந்தது.

அந்தக் கிழமை திங்கட்கிழமை ஒரு பெண் வந்தாள். வசந்தி என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயரல்ல. இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது. ஊரிலிருந்து வந்து ஐந்தாறு மாதம். கலியாண எழுத்து, அதாவது சட்டப்படி பதிவு, முடிந்திருந்தது. தாலி கட்டுவதற்குக் கோயிலில் நாள் வைத்துக் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் வீட்டிலேயே, மாமியாரோடு இருந்தாள். கூட வந்தவரும் அந்த மாமியார்தான். கம்பீரமான மனுசி, சேலைக்கு மேல் தடித்த கோட், கையில் ஒரு பை.

"பிள்ளைக்கு வயித்துப் பிரட்டு. சத்தி வாற மாதிரி இருக்காம். ஒழுங்காச் சாப்பிடாது. குளிருக்குள்ள வந்தது, பயந்துபோய்க் கிடக்குது" என்று குமட்டல், வாந்தி எல்லாவற்றையும் மாமியாரே சொன்னார்.

வசந்தியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அடிவயிற்றில் கொஞ்சம் நோகிறது என்றாள். எழுதிக்கொண்டேன். பிறகு கேட்டேன்: "தங்கச்சி, கடைசியா எப்ப சுகமில்லாமல் வந்தது?" எங்கள் ஊரில் மாதவிடாயை அப்படித்தான் கேட்போம்.

அவள் ஒரு கணம் மாமியாரைப் பார்த்தாள். "போன கிழமை" என்றாள்.

அந்தப் பார்வையை நான் கண்டேன். கண்டும், பெரியவர் ஒருவரை வெளியே போகச் சொல்வது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். தமிழில் கேட்டேன், தமிழில் பதில் வந்தது, வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு. ‘போன வாரம் மாதவிடாய்’ என்று எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, வயிற்றெரிவுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொன்றரை இருக்கும். டாக்டர்கள் இருவரும் வீடுகளுக்கு நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார்கள். மாமியார் வசந்தியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தோள்மூட்டுக்குள்ள குத்துதாம். காலமை ரெண்டு தரம் தலை சுத்தி இருந்திட்டாள்."

தோள் என்று கேட்டதும் எழுந்துவிட்டேன். உங்களுக்குப் பாடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள்: வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் வலி தோளில் தெரியலாம். அவளுடைய உதட்டைப் பார்த்தேன். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், இரத்தமில்லாமல் வெளுத்திருந்தது. நாடி ஓட்டமாய் ஓடியது.

இந்த முறை அவளைத் தனியாகக் கேட்டே ஆகவேண்டும். மாமியார் விடமாட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "அம்மா, சிறுநீர் எடுக்கவேணும். நான் கூட்டிக்கொண்டு போறன், நீங்கள் இருங்கோ" என்று பொய்யில்லாத ஒரு சாட்டுச் சொல்லி, அவளை அணைத்துக்கொண்டு கழிவறைப் பக்கத்தில் ஒடுங்கிய நடைவழியான ஓடைக்குக் கூட்டிப்போனேன்.

"தங்கச்சி, இஞ்ச ஒருத்தருமில்லை. நீங்கள் சொல்லுறது என்னோட நிக்கும். போன கிழமை வந்தது வழமையா வாற மாதிரியோ?"

"இல்லை... கொஞ்சமாத்தான். கறுப்பா."

"அதுக்கு முந்தின மாதம்?"

அவள் சுவரில் தலையைச் சாய்த்தாள். "வரேல்லை. பிறகு கறுப்பா வந்தோன்ன, ஒண்டுமில்லையெண்டு நினைச்சன். அக்கா, தாலி கட்டேல்லை. மாமிக்குத் தெரிஞ்சா..."

முடிக்கவில்லை. முழங்கால் மடிந்து என் கையிலேயே சரிந்தாள். ஓடைத் தரையில் கிடத்தி, கதிரை ஒன்றை இழுத்துக் கால்களை அதன்மேல் வைத்தேன். பிரஷர் எடுத்தபோது, எடுத்த எண்ணை நம்பாமல் திரும்பவும் எடுத்தேன். அதே குறைந்த எண்.

கர்ப்பப் பரிசோதனை செய்ய நேரமில்லை. செய்து பார்த்துவிட்டுத்தான் பேசவேண்டும் என்ற நிலைமையும் இல்லை. கருப்பைக்குள் தங்கவேண்டிய கரு, கருக்குழாயில் தங்கியதால் குழாய் வெடித்திருக்கிறது. அதை நான் யாரும் உறுதிப்படுத்தாமலே நம்பினேன். வரவேற்பு மேசைப் பெண்ணிடம் அம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். பிறகு டாக்டர் போயிருக்கும் வீடுகளுக்கு ஒவ்வொன்றாய் போன் எடுக்கச் சொன்னேன். நான் மருத்துவமனைக்கு போன் எடுத்து, பெண்நோய்களுக்கான கைனி பிரிவில் பொறுப்பாயிருந்த டாக்டரைக் கேட்டேன்.

"யார் பேசுகிறீர்கள்?"

"சர்ஜரி நேர்ஸ்."

"உங்கள் டாக்டரை எடுக்கச் சொல்லுங்கள்" என்றது ஓர் அவசரமான ஆண்குரல்.

"டாக்டர் இங்கே இல்லை. பெண் தரையில் கிடக்கிறாள். அம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது."

"பரிசோதனை செய்தீர்களா? கர்ப்பம் என்று எப்படித் தெரியும்?"

"செய்யவில்லை. நேரமில்லை. இருபது நிமிடத்தில் அவள் உங்கள் வாசலில் இருப்பாள். சத்திரசிகிச்சைக்கு ஆயத்தம் செய்யுங்கள். முடியாது என்றால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் யாரிடம் சொன்னேன் என்று நான் குறிப்பில் எழுதவேண்டும்."

"நேராகக் கொண்டு வாருங்கள். நான் கீழே வந்து நிற்கிறேன்" என்றார்.

என் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

மாமியார் ஓடையில் வந்து நின்றார். "என்ன பிள்ளைக்கு? என்னெண்டு சொல்லுங்கோ!"

அவர் கேட்டது நியாயம். ஆனால் வசந்தி என்னிடம் சொன்னதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொல்லக்கூடிய உண்மையை மட்டும் சொன்னேன். "அம்மா, வயித்துக்குள்ள ரத்தம் ஓடுது. ஒப்பரேஷன் செய்யவேணும். மகனுக்கு அறிவியுங்கோ." மகன் பெட்ரோல் நிலையத்தில் பகல் ஷிப்டில் இருந்தார். மாமியார் பையிலிருந்து போன் நம்பர் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து, வரவேற்பு மேசைக்கு ஓடினார். அந்த உடம்போடு அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

அம்புலன்ஸில் நான் போனேன். வசந்தி என் மணிக்கட்டை விடவில்லை. சொன்னபடியே அந்த டாக்டர் வாசலில் நின்றார். மிகவும் இளவயதுக்காரர். வசந்தியின் வயிற்றில் கை வைத்துப் பார்த்த அடுத்த நிமிடமே கட்டிலைத் தள்ளத் தொடங்கினார். நான் கூடவே ஓடி, ஒப்புதல் தாளில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கதவு மூடிக்கொண்டது.

பிறகு காத்திருப்பு. அரை மணித்தியாலத்தில் மாமியார் மினிகேப் பிடித்து வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். திங்கட்கிழமை நான் எழுதியனுப்பியதுதான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

மாமியார்தான் தொடங்கினார். "பிள்ளை, நான் அஞ்சு பெத்தனான். நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். நான் கேக்கவும் மாட்டன். எழுத்து முடிஞ்சு நாலு மாதம். ரெண்டும் ஒரு வீட்டில இருக்குதுகள். எனக்கென்ன கண் தெரியாதோ?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"எழுத்து முடிஞ்சா எனக்குக் கலியாணம் முடிஞ்சதுதான். தாலிக்கு நாள் வைச்சது ஐயர். பிள்ளையளுக்கு அவரோ நாள் வைக்கிறது?"

அந்த இடத்தில், அந்த நேரத்தில், எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "அப்ப திங்கட்கிழமை ஏனம்மா அறைக்குள்ள அவவோட இருந்தனீங்கள்?"

"அவளுக்கு இஞ்ச ஆர் இருக்கினம்? தாய் ஊரில. தனிய விட்டால் பயப்பிடுவாள் எண்டு இருந்தனான். வெளியில போகச் சொல்லியிருந்தால் போயிருப்பன்தானே? நீங்கள் சொல்லேல்லையே!"

நான் சொல்லவில்லை. அவ்வளவுதான். அவர் தடுக்கவில்லை, மறுக்கவில்லை. அவரை ஒரு தடையாக நானே செய்து வைத்து, பிறகு அந்தத் தடையைச் சுற்றி வேறு வழி தேடினேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் திங்கட்கிழமையே எல்லாம் வெளியே வந்திருக்கும்.

மூன்று மணி போல அந்த இளம் டாக்டர் வெளியே வந்தார். ஒரு பக்கக் குழாயை எடுக்கவேண்டி வந்தது, நிறைய இரத்தம் ஏற்றினோம், ஆனால் பிழைத்துவிட்டாள் என்றார். நான் தமிழில், "வசந்தி தப்பிட்டா" என்று மட்டும் சொன்னேன். மாமியார் முகத்தைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு விம்மினார். நான் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்று வெளியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பரிசோதனைக்கு நின்றிருந்தால் காலம் தாழ்ந்திருக்கும்." அது மன்னிப்பா, பாராட்டா என்று தெரியவில்லை. எதுவாயிருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

சர்ஜரிக்குத் திரும்பியதும் அயர்லாந்து டாக்டரிடம் திங்கட்கிழமைக் குறிப்பை எடுத்து நீட்டினேன். "இது என் பிழை. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். பதிலை நம்பிவிட்டேன்."

அவர் நிதானமாக வாசித்தார். "கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. நானும் உன்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. எதையும் வெட்டாதே. இன்றைய திகதி போட்டு, நடந்ததை நடந்தபடி கீழே எழுது. இருவரும் கையெழுத்துப் போடுவோம்." பிறகு கேட்டார்: "இன்றைக்கு உன் கணிப்புப் பிழையாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"அம்புலன்ஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன்."

"அது மலிவான பிழை. அந்தப் பக்கம் பிழைவிடப் பயப்படாதே" என்றார்.

அடுத்த திங்கள் முதல் எங்கள் சர்ஜரியில் ஒரு வழக்கம் வைத்தோம். வரும் பெண் யாராக இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், கூட யார் வந்தாலும், ஐந்து நிமிடம் தனியாகப் பார்ப்போம். எல்லோருக்கும் பொதுவான வழக்கம் என்றால் ஒருவருக்கும் அவமானமில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒருவர்கூடக் கோபிக்கவில்லை. சில கணவன்மார், "நல்லது, நான் ஒரு சிகரெட் பத்திக்கொண்டு வாறன்" என்று நன்றியோடு எழுந்து போனார்கள்.

வசந்தியை வார்ட்டில் போய்ப் பார்த்தேன். "திங்கட்கிழமை நான் உங்களைத் தனிய வைச்சுக் கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை. என்னில பிழை" என்றேன். "அக்கா, உங்களிட்டச் சொல்லத்தான் இன்னும் கூடப் பயமாயிருந்தது. நீங்கள் தமிழெண்டபடியால்" என்றாள். அப்போதுதான், மூன்று வீடு தள்ளி இருந்தவள் ஏன் ஸ்ட்ரெதம் வரை போனாள் என்பது மனதுக்குள் இறங்கியது. மொழி தெரிந்திருப்பது கதவைத் திறக்கவும் செய்யும், பூட்டவும் செய்யும். அன்றிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணிடமும், "நான் வேண்டாமெண்டால் வேற நேர்ஸ் இருக்கிறா, எனக்கு மனவருத்தமில்லை" என்று முதலே சொல்லிவிடுவேன். பெரும்பாலானவர்கள் அதைக் கேட்ட பிறகு என்னிடமே இருந்தார்கள்.

வசந்திக்கு, நாளைத் தள்ளிவைத்துத் தாலி கட்டினார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னுடைய பழைய வார்ட்டில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. வேறு யாரோ ஒரு மருத்துவிச்சியின் கையில். கேள்விப்பட்டதும் வந்த சந்தோஷத்தில், அந்தக் கை என்னுடையதாக இல்லாததற்கும் ஒரு பங்கு இருந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வசந்தி விழுந்ததற்கு அடுத்த கிழமை மருத்துவமனைக் கிளினிக்குக்கு எழுதி, வேண்டாம் என்றேன். காரணம் கேட்டு நிபுணரே போன் எடுத்தார். "உங்களிடம் வரும் பெண்ணுக்கு என்ன பிரச்சினை என்று யாரோ ஏற்கெனவே கண்டுபிடித்து அனுப்புகிறார்கள். நான் அதற்கு முதல் இருக்கும் அறையில் இருக்க விரும்புகிறேன்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். பழைய சிஸ்டருக்கும் எழுதினேன். அவர் ஒரு வரியில் பதில் போட்டார்: நீ கதை கேட்பதற்கென்றே ஒரு வேலை கிடைத்ததா, நல்லது.

உங்களுக்கு நான் எடுத்ததை எடுக்கச் சொல்லவில்லை. பிரசவ அறையில்தான் உயிர் வரும் என்று இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகள் எப்படிப் பிறக்கும்? மெனோபோஸ் கிளினிக்கில் இருபது வருடம் அலுக்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். எந்த வேலைக்கு மதிப்பு, எந்த வேலைக்குச் சம்பளம் அதிகம் என்று விசாரிக்க ஆட்கள் இருப்பார்கள். நீங்கள் உங்களிடம் கேட்கவேண்டியது, எந்த அறையில் ஒரு பிழை விட்ட பிறகு அடுத்த நாள் அதே அறைக்குத் திரும்பி வர உங்களால் ஏலும் என்பதுதான். பிரசவ வார்ட்டில் என் பிழைக்குப் பிறகு எனக்கு ஓடவேண்டும் போல இருந்தது. இங்கே விட்ட பிழை அதைவிடப் பெரியது. அடுத்த நாளே திரும்பி வந்து அதே கேள்வியைச் சரியாகக் கேட்கவேண்டும் என்றுதான் இருந்தது.

சர்ஜரியில் பெண்களுக்கான என் கிளினிக் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் தொடங்கியது. யாரும் வரமாட்டார்கள் என்று பயந்து ஒரு புத்தகமும் கொண்டுபோயிருந்தேன். இரண்டு மணிக்கு வரவேற்பு மேசைப் பெண் வந்து, கதிரை போதவில்லை என்றாள். ஆங்கிலப் பெண்கள், பஞ்சாபிப் பெண்கள், எங்கள் பெண்கள். ஒருத்திக்கு இருபது வருடமாய் இருமினால் சிறுநீர் போகிறது. ஒருத்திக்குப் பிள்ளை வேண்டும். ஒருத்திக்கு இனி வேண்டாம்.

கடைசியாக வந்தவர் ஐம்பது வயதுள்ள ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். பிரஷர் பார்த்தேன், நன்றாக இருந்தது. வேறென்ன என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. ஆர் புது நேர்ஸ் எண்டு பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்" என்று எழுந்து, கோட்டை மாட்டி, கதவுக் கைப்பிடியில் கை வைத்தார். அப்படியே நின்றார். என் பக்கம் திரும்பாமல், "இன்னொண்டு..." என்றார்.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இருங்கோ" என்றேன். அவர் கோட்டைக் கழற்றாமலே வந்து கதிரையில் இருந்தார்.